வளையம் வராமல் கோச்சி நகராது

ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி நிற்கிறது. இலங்கை மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறிய பின்னும் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பயணி கடிகாரத்தைப் பார்க்கிறார். பக்கத்திலிருக்கும் தோட்டத்து அம்மா, "மத்தக் கோச்சி வரணும் தம்பி" என்கிறார்.

நாவலப்பிட்டிக்கு மேலே பதுளை வரை ஒற்றைப் பாதை. எதிரெதிர் வண்டிகள் விலகிப்போக ஸ்டேசனில்தான் இடம். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவிலோ அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கம். அதற்குள் இரண்டு வண்டிகள் சந்திக்காமல் காப்பது டெப்லட் என்ற சிறு உலோக வில்லை.

அடுத்தடுத்த இரு ஸ்டேசன்களிலும் இந்த வில்லைகளை வைத்திருக்கும் ஒவ்வொரு பெட்டி; இரண்டையும் மின்கம்பி இணைக்கிறது. ஒன்றிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். அந்த வில்லை ஏதாவதொரு பெட்டிக்குத் திரும்பும்வரை அடுத்தது வராது. கையில் வில்லை இல்லாத சாரதி வண்டியை எடுக்க முடியாது. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் மோதி 25 பேர் மாண்டார்கள். அதன்பிறகு எட்வர்ட் டையர் கண்ட வழி இது. மனிதர் மறந்தாலும் பெட்டி மறப்பதில்லை. எனக்கு இதைவிட அழகான பொறி தெரியாது.

இன்னொரு பாதையும் போட்டிருக்கலாமே என்று தோன்றும். மலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். தண்டவாள அகலம் நம் ஊர் அகலப் பாதையேதான், 1676 மில்லிமீட்டர். ஊட்டி ரயிலைப்போல் பல்சக்கரம் கிடையாது. அதனால் 44 அடிக்கு ஓர் அடி என்ற சரிவுக்குள் ஏற, பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. கோப்பிக்காகத் தொடங்கிய இந்தப் பாதை 1884இல் ஹட்டனை எட்டியபோது, கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு நானுஓயா. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது.

நுவரெலியாவுக்கு ஸ்டேசன் இல்லை. நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்கவேண்டும். சிவனொளிபாத மலைக்கு ஹட்டன். மாலை விமானத்தை நம்பி அன்று காலைக் கோச்சியில் கொழும்புக்கு இறங்காதீர்கள். ஒரு வண்டி தாமதித்தால் அதற்காகக் காத்திருக்கும் வண்டியும் தாமதிக்கும்.

சுரங்கத்தின் பக்கமிருந்து ஹார்ன் கேட்கிறது. எதிர்க் கோச்சி உள்ளே வருகிறது. அதன் சாரதி ஒரு பெரிய வளையத்தை நீட்டுகிறார். டெப்லட் அதில் தொங்கும் தோல் பைக்குள் இருக்கிறது. அது பெட்டிக்குள் போகிறது, மணி அடிக்கிறது, கொட்டகலை பதில் மணி தருகிறது. இப்போது வளையம் நம் இஞ்சினை நோக்கி வருகிறது.