பழைய புகைபோக்கியும் புதிய கொதிகலனும்

குளிர் மிகுந்த இங்கிலாந்தின் பழைய வீடுகளில் செங்கல் புகைபோக்கிகள் நிலக்கரி நெருப்புக்கெனக் கட்டப்பட்டவை; சூடான புகை விரைந்து மேலேறி வெளியேறிவிடும். வீட்டைச் சூடேற்ற 2005 முதல் அங்குப் பெரிதும் பொருத்தப்பட்டுவரும் புதுவகை எரிவாயுக் கொதிகலனோ வெப்பத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கே தந்துவிடுகிறது. எஞ்சிய புகை குளிர்ந்து, ஈரமாகவே வெளிவரும். ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே அதன் நீராவி அமிலங்கலந்த நீராகிச் செங்கலிடைச் சாந்தை அரித்துவிடும். எரிபொருட் சிக்கனமே சுவருக்குப் பகையாகும் விந்தை இது!

ஆகவே, அப்புகையை வெறும் செங்கற்கூட்டுக்குள் விடலாகாது. அமிலத்தைத் தாங்கும் தனிக்குழாயை அதனுள் இறக்க வேண்டும். மறைந்திருக்கும் அக்குழாயின் இணைப்பொன்று விலகினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசியலாம். நிறமும் மணமும் அற்ற அந்நச்சுவாயு, உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடக்கூடியது. எச்சரிக்கைக் கருவி அவசியமே. எனினும் தகுதி பெற்ற பணியாளரின் ஆண்டுச் சோதனைக்கு அது மாற்றாகாது.