காவல் அணுக்களே கலகம் செய்தால்...

மூட்டு வலி, முடி கொட்டுதல், வெயிலில் போனால் கன்னம் இரண்டும் சிவந்து போவது... பரிசோதித்த டாக்டர் ‘லூபஸ்’ என்கிறார். கூடவே யூரின் டெஸ்ட்டும் எழுதித் தருகிறார். “மூட்டு வலிக்கு எதுக்கு டாக்டர் யூரின் டெஸ்ட்?” என்று பெண்ணின் அம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

கிருமிகளை விரட்டுவதற்காகவே நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவற்றில் ‘டி’ அணுக்கள் தூண்டிவிட, ‘பி’ அணுக்கள் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். லூபஸில் இந்த இரண்டுமே ஆள் தெரியாமல் அடிக்க ஆரம்பித்துவிடுகின்றன. யாரை? நம் சொந்த டி.என்.ஏ.வை! அது செல்லின் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும் சமாச்சாரமாயிற்றே என்பீர்கள். செத்துப்போன செல்களை உடம்பு உடனுக்குடன் பெருக்கி அள்ளிவிட வேண்டும். லூபஸ்காரர்களுக்கு இந்தத் துப்புரவு வேலை மந்தம். உள்ளே இருக்க வேண்டியது வெளியே கிடக்கிறது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், இன்னொரு செல்லின் உட்கருவை விழுங்கிய வெள்ளை அணுவையே மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள்.

சரி, கிட்னி எங்கே வந்தது? ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ஆன்டிபாடியும் டி.என்.ஏ.வும் சேர்ந்த கட்டிகள் அங்கே, காபி ஃபில்டரில் தூள் அடைத்துக்கொள்கிற மாதிரி, போய் உட்காருகின்றன. வெறும் அடைப்பு என்றால்கூடப் பரவாயில்லை. அதைப் பார்த்து மற்ற வெள்ளை அணுக்களும் ஓடி வந்து, கிருமி மேல் கொட்ட வேண்டிய ரசாயனத்தை அங்கேயே கொட்டுகின்றன. சல்லடை ஓட்டையாகி, புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. நுரை நுரையாகப் போவது அதனால்தான். நாளாக ஆகத் தழும்பு விழும். விழுந்த தழும்பு திரும்பாது.

இதில் வலியே கிடையாது, அதுதான் வம்பு. காலையில் கண் இமை வீங்குவதும் மாலையில் கால் வீங்குவதும் தெரிவதற்குள் பாதிப்பு முற்றியிருக்கலாம். அதனால்தான் அந்த யூரின் டெஸ்ட். புரதம் கணிசமாகப் போனால் பயாப்ஸி செய்வார்கள், பயந்து தள்ளிப்போடாதீர்கள். பாதிப்பில் ஆறு வகை உண்டு, வகைக்குத் தகுந்த மருந்து.

“ஸ்டீராய்டா? முகம் ஊதிடுமே!” என்று நீங்களாக மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. குறைப்பதை டாக்டர் படிப்படியாகச் செய்வார். ஹைட்ராக்சிகுளோரோகுயினை விடாமல் சாப்பிட வேண்டும், கண் பரிசோதனையும் அவ்வப்போது அவசியம். ‘பி’ அணுக்களை அடக்கும் பெலிமுமாப் ஊசிக்கு, லூபஸ் கிட்னி நோய்க்காக 2020-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 20 வயதுப் பெண்ணின் ‘டி’ அணுக்களையே எடுத்து, மாற்றியமைத்து, ‘பி’ அணுக்களை அழிக்கத் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய கிட்னி தேறியதாக 2021-ல் அறிவித்தார்கள். திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்பிய கதை! ஆனால் செலவு மிக அதிகம்.

கல்யாணம், குழந்தை? தாராளமாக. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். மைக்கோஃபீனோலேட் சாப்பிடுகிறவர்கள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிவிட வேண்டும். அது கருவைப் பாதிக்கும்.