பயிர் இல்லாத மாதங்களில் மண்ணுக்கு யார் காவல்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மக்காச்சோளம் விதைப்பார்கள். இலை விரிந்து நிலத்தை மூட ஜூன் ஆகிவிடும். இலையுதிர்காலத்தில் அறுவடை. ஆண்டில் பாதிக்கு மேல், மண்ணைப் பிடித்துக்கொள்ள உயிருள்ள வேர் அங்கே இல்லை.

வசந்தகால மழை அந்த வெற்று மண்ணில்தான் அடிக்கிறது. மேல்மண் கரைகிறது. உரத்தின் நைட்ரேட் ஆற்றில் கலந்து, மிசிசிப்பி வழியே மெக்சிகோ வளைகுடாவரை போய், பாசியைப் பெருக்குகிறது. அது மடிந்து அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து, கோடைதோறும் மீன்கள் வாழமுடியாத பகுதி உருவாகிறது. அமெரிக்க மக்காச்சோள வட்டாரத்தின் விளைநிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கரிமச்சத்து மிகுந்த மேல்மண்ணை முழுதாகவே இழந்துவிட்டது என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

அறுவடைக்குப் பின் ரை போன்ற மூடுபயிரை விதைப்பது தெரிந்த வழிதான். ஆனால் ஆண்டுதோறும் விதைச் செலவு; அடுத்த விதைப்புக்குள் அதை அழிக்கும் வேலை. அதோடு, அறுவடை முடிந்த கையோடு குளிர் வந்துவிடுவதால் மூடுபயிர் சரியாக வளர்வதில்லை.

அதனால்தான் பல்லாண்டு வாழும் மூடாக்கைப் பற்றி ஆராய்கிறார்கள். ஒருமுறை விதைத்தால் போதும், புல்லோ குளோவரோ ஆண்டுக்கணக்கில் நிலத்திலேயே இருக்கும். இடையிடையே பட்டையாகத் திறந்த வரிசைகளில் மக்காச்சோளம் வளரும். காக்கசஸ் பகுதியைச் சேர்ந்த குரா குளோவர் இதற்கு ஏற்றது. மண்ணுக்கடியில் கிழங்குபோல் ஓடும் தண்டுகளால் பரவும். பயறு இனம் என்பதால் காற்றின் நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும். கென்டக்கி புளூகிராஸ் என்ற புல்லையும் சோதிக்கிறார்கள்.

சிக்கல் எங்கே? தண்ணீருக்கும் சத்துக்கும் போட்டி வரும் என்பது நாம் எதிர்பார்ப்பதே. அதைவிட நுட்பமானது வெளிச்சம். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதையொட்டிய தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இளம் மக்காச்சோளம் ஒளியில் வரும் இந்த மாற்றத்தை உணர்ந்து, பக்கத்தில் போட்டியாளர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. நிழலில் மாட்டிக்கொள்ளாமலிருக்க மேல்நோக்கி ஓடுகிறது. தண்டு மெலிகிறது, வேருக்குப் போகவேண்டிய பலம் குறைகிறது. நீரும் உரமும் தாராளமாக இருந்தாலும் விளைச்சல் குறையக்கூடும்.

ஆகவே முதல் சில வாரங்களுக்கு மூடாக்கை அடக்கி வைக்கவேண்டும். விதைப்பு வரிசையை மட்டும் உழலாம். களைக்கொல்லியை அளவோடு தெளித்து, சாகடிக்காமல் சோர்வடையச் செய்யலாம். இதைவிட நல்ல வழி, தானாகவே உறங்கும் புல்லைத் தேர்வதுதான். மக்காச்சோளம் வெயிலை விரும்பும் பயிர். குமிழ் புளூகிராஸ் என்ற புல்லோ இலையுதிர்காலத்தில் துளிர்த்து, குளிரைத் தாங்கி, வசந்தத்தில் பச்சைகட்டி, கோடை வந்ததும் காய்ந்து உறக்கநிலைக்குப் போய்விடும். அறுவடை முடிந்து வயல் காலியாகும்போது மீண்டும் துளிர்க்கும்.

மழை குறைந்த ஆண்டில் மூடாக்கு பயிரின் நீரைக் குடித்துவிடும் என்ற உழவர்களின் அச்சம் நியாயமானது. அதனால் நல்ல மூடாக்கு எது என்று பார்க்கையில், அடர்த்தியை மட்டும் அளந்தால் போதாது. எப்போது விழிக்கிறது, எப்போது ஒதுங்குகிறது என்பதையும் பார்க்கவேண்டும். அந்த நேரக்கணக்கு சரியாக அமைந்தால், உழவர் விளைச்சலை விட்டுக்கொடுக்காமலே மண்ணைக் காக்கலாம்.