கார் ஏன் கரும்புகை கக்குகிறது?

1 கிலோகிராம் பெற்றோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 கிலோகிராம் காற்று தேவை. பெற்றோலின் பங்கு இதைவிடக் கூடினால் அதனைச் செறிந்த கலவை என்பர். கரும்புகை, பெற்றோல் வாடை, பிளக்கின் நுனியில் காய்ந்த கரி, அதிக எரிபொருட் செலவு ஆகியன இதன் அறிகுறிகள்.

இன்ஜெக்டர் பொருத்திய பழைய கார்களில் பெற்றோலின் அளவைத் தீர்மானிப்பது ஒரு சிறு கணினி. அது உணரிகள் தரும் தகவலையே நம்புகிறது. எஞ்சின் சூடேறிய பின்பும் வெப்பநிலை உணரி "குளிர்" என்றே அறிவித்தால், கணினி மேலதிக பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எனவே அந்த உணரியை முதலில் சோதிக்க வேண்டும். அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, பெற்றோல் அமுக்கச் சீராக்கியின் வெற்றிடக் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம். அதற்குள் பெற்றோல் இருந்தால் சீராக்கி பழுதடைந்துள்ளது. இரண்டும் சரியாயின், ஒழுகும் இன்ஜெக்டரைத் தேட வேண்டும்.

புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி 0.9 வோல்ட்டுக்கு அருகிலேயே நின்றால், பலர் அதையே மாற்றிவிடுகின்றனர். ஆனால் அது உள்ளதை உள்ளபடி சொல்லும் சாட்சியாகவும் இருக்கலாம். சோதிக்காமல் மாற்றினால் பணமே வீணாகும்.

செறிந்த கலவை எரியும்போது காபனோரொட்சைட்டு அதிகமாக வெளிவருகிறது. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இணைந்து உயிரையே பறித்துவிடும். ஆகவே மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஒருபோதும் இயக்கிப் பார்க்கக் கூடாது.