புறவாசல் குருவியும் சாரைப்பாம்பும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர்தான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் சாரல் குற்றாலத்தை நனைத்து, தென்காசியில் தூறலாகி, சுரண்டை, ஆலங்குளம் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வெறும் காற்றாகிவிடும். அங்கே செம்மண், பனை, உடைமரம், கிணற்றுத் தோட்டம். இந்தக் காய்ந்த பக்கத்தில் வீட்டுப் புறவாசல்தான் பறவைகளுக்குப் பெரிய சொத்து. குழாயடி ஈரம், முருங்கை நிழல், கோழிக்கு இறைத்த நொய். அந்த நொய்யில் பாதி எலிக்குப் போகிறது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வராமல் இருக்குமா?

குருவிக்கென்று கிளம்பி வரும் பாம்பு நம் வீடுகளில் குறைவு. எலிக்காக வந்த இடத்தில் கூடு அகப்பட்டுக்கொள்கிறது. அதிகம் பழி சுமப்பது சாரை. இரண்டு மீட்டருக்கு மேல் வளரும், விஷம் கிடையாது, பகலில் நடமாடும், மரமும் ஓட்டுக்கூரையும் சரளமாக ஏறும். நல்ல பாம்பின் ஆண்தான் சாரை என்று இன்னும் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு இனங்கள். வயலில் பின்னிக்கொண்டு எழும்பி நிற்கும் சாரை ஜோடி பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண்கள். அடைகோழியின் முட்டைக்கு வருவதில் நல்ல பாம்புக்கும் பங்குண்டு.

கொம்பேறி மூக்கனுக்கு வந்த கெட்ட பெயர் தனி. கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம்! விஷமே இல்லாத அதற்கு ஓணான், பல்லி, தவளைதான் முக்கிய இரை. கிடைத்தால் குஞ்சும் முட்டையும் தின்னும். கண்கொத்தி என்று பயப்படும் பச்சைப்பாம்பு லேசான விஷமுள்ளது, மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. சிறு பறவை பக்கத்தில் வரும்வரை கொடியோடு கொடியாக அசையாமல் கிடக்கும்.

இலைக்குள் மறைந்த கூட்டைப் பாம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாக்கை நீட்டி நீட்டி வாசனைத் துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் சேர்த்து அறிவது ஒரு வழி. சாரை போன்ற பகல் பாம்புகளுக்குக் கண்ணும் கூர்மை. ஒரே கிளைக்குள் தாய்ப்பறவை புழுவோடு போவதும் வாய் வெறுமையாக வெளியே வருவதும் பார்க்கிறவனுக்குப் பெரிய துப்பு. அலெக்சாண்டர் ஸ்கட்ச் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1949-ல் இதை வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். வெப்ப நாட்டுப் பறவைகள் குறைவாக முட்டையிடுவதற்குத் தீனிப் பஞ்சம் மட்டும் காரணமல்ல. குஞ்சு கூடினால் நடை கூடும், நடை கூடினால் எதிரிக்குக் கூடு தெரிந்துவிடும் என்றார். ஐரோப்பாவின் பட்டாணிக்குருவி எட்டு முட்டைக்குக் குறையாமல் இடுவது சகஜம். நம் முருங்கையில் கட்டும் கொண்டைக்குருவி இடுவது இரண்டு, மூன்று; தேன்சிட்டுக்கு இரண்டு. இது முழு விளக்கமா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் புறவாசலில் உட்கார்ந்து பார்த்தால் ஸ்கட்ச் பக்கம்தான் மனம் சாய்கிறது.

விழுங்கும்போது பாம்பின் தாடை கழன்றுகொள்ளும் என்பது தவறு. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறம் எலும்பால் ஒட்டாமல் இழுபடும் தசைநாரால் சேர்ந்திருக்கின்றன. வலப்பக்கப் பற்கள் பிடித்திருக்க இடப்பக்கம் முன்னே நகரும், பிறகு இது பிடிக்க அது நகரும். இரை உள்ளே தள்ளப்படுகிறது என்பதைவிட, பாம்பின் தலை இரைமேல் நடந்து ஏறுகிறது என்பதே சரி. இவ்வளவும் நடக்கும்போது மூச்சு முட்டாமலிருக்க, மூச்சுக்குழாயின் வாயை முன்னால் நீட்டிக்கொள்ளும்.

பறவைகளும் சும்மா இருப்பதில்லை. ஒரு தவிட்டுக்குருவி பாம்பைக் கண்டு கத்தினால் கூட்டமே கூடிவிடும். மைனாவும் அணிலும் சேர்ந்துகொள்ளும். ஒளிவிடம் தெரிந்துபோன பாம்பு பெரும்பாலும் நழுவிவிடும். ஜப்பானில் தொஷிதாகா சுசுகி 2011-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. அங்குள்ள பட்டாணிக்குருவி காக்கைக்கு ஒரு குரலும் பாம்புக்கு வேறு குரலும் கொடுக்கிறது. காக்கைக் குரல் கேட்டால் மரப்பொந்துக் குஞ்சுகள் பதுங்கும், பாம்புக் குரல் கேட்டால் வெளியே குதித்துவிடும். பொந்துக்குள் காக்கை நுழைய முடியாது, பாம்பு நுழையும். அதனால் இரண்டுமே சரியான முடிவு.

நம் பக்கத்துத் தூக்கணாங்குருவி பேச்சை நம்பாமல் கட்டுமானத்தை நம்புகிறது. பனையோலை நுனியிலும் கிணற்றுக்குள் தொங்கும் கிளையிலும் ஆண் குருவி பாதிக் கூடு முடைந்து காட்டும். பெண் ஒப்புக்கொண்ட பிறகே மீதியைக் கட்டிக் கீழ்நோக்கிய குழல் வாசலை நீட்டும். இந்தக் குடும்ப வழக்கத்தைச் சாலிம் அலி 1931-லேயே விரிவாக எழுதிவிட்டார். காற்றில் ஆடும் அந்தக் குழலுக்குள் தலைகீழாக இறங்குவது பாம்புக்குச் சுலபமல்ல. முடியாதது என்றும் சொல்ல முடியாது.

பாம்பே பார்த்திராத பறவைகளின் கதி என்ன என்பதற்குப் பசிபிக் தீவான குவாம் சாட்சி. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கப்பல் சரக்கோடு வந்திறங்கிய பழுப்பு மரப்பாம்பு சில பத்தாண்டுகளில் அங்கிருந்த 12 காட்டுப் பறவை இனங்களில் 10 இனங்களை ஒழித்தது. நம் குருவிகள் தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்ந்தவை. ஒரு கூடு போனால் பெரும்பாலும் வேறிடத்தில் மறுபடி கட்டும்.

கூட்டைக் காக்க வேண்டுமென்றால் தென்னந்தோப்புக்காரர்கள் எலிக்குச் செய்வதையே செய்யலாம். வழுவழுப்பான தகரத்தை அகலமாக மரத்தைச் சுற்றி அடித்தால் பாம்புக்கும் வயிற்றுச் செதில் ஊன்றப் பிடி கிடைக்காது. பக்கத்துக் கிளையோ சுவரோ மரத்தைத் தொட்டால் தகரம் வீண். நொய்யை ராத்திரி தரையில் விடாமல் கூட்டி எடுத்தால் எலி குறையும். கோழிக்கூட்டுக்கு நைலான் வலை மட்டும் வேண்டாம். தலையை நுழைத்த சாரை பின்வாங்க முடியாமல் செதிலில் வலை இறுகி வெயிலில் செத்துப்போகும். சிறு கண் கொண்ட கம்பி வலை போதும். சிக்கியது சாரையா நல்ல பாம்பா என்று தெரியாவிட்டால் நீங்களாக அறுத்து விடப் போகாமல் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிடுங்கள்.