பூச்செலவு வருஷத்துக்கு 7,300 ரூபாய்! வீட்டு ரோஜா அதைக் குறைக்குமா?

தினமும் 20 ரூபாய்க்குப் பூ வாங்கினா வருஷத்துக்கு 7,300 ரூபாய். பொதட்டூர்பேட்டை மாதிரி தறி ஓடுற ஊர்ல, நெசவுக்கூலியில நடக்கிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்ல.

அதை மிச்சம் பிடிக்கத்தான் நானும் நர்சரியில பூத்து நின்ன ஒட்டு ரோஜா நாலு வாங்கினேன். தொட்டி, மண், உரம் எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். சித்திரை வெயில்ல பூ சிறுத்துப்போச்சு. ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பின தளிரை, 'நல்லா வளருதே'ன்னு விட்டுட்டேன். அது வேர்ச்செடியோட கிளை! சத்தெல்லாம் அதுக்கே போய், மேல இருந்த ரோஜா காய்ஞ்சிடுச்சு. பார்த்த அன்னிக்கே அடியோட கிள்ளியிருக்கணும்.

ஓசூர்ல மட்டும் எப்படி விளையுதுன்னு கேட்பீங்க. அது கடல் மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர் உயரம், பசுமைக்குடில் வேற. நம்ம திருவள்ளூர் மாவட்டத்து வெயிலுக்குப் பன்னீர் ரோஜாதான் தோது. தெரிஞ்சவங்க வீட்ல கவாத்து பண்ணும்போது பென்சில் கனத்துல குச்சி கேட்டு வாங்குங்க. குச்சியே வேர் பிடிச்சிடும். ஒட்டு போயிடுமேங்கிற பயம் இல்ல. இதழ் சீக்கிரம் உதிரும், காலையிலயே பறிச்சிடணும்.

கூடவே தரையில நாலு குண்டுமல்லி வைங்க. கார்த்திகை கடைசியில கவாத்து பண்ணினா பங்குனியில பூக்க ஆரம்பிக்கும். பூச்செலவே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். செடி தேறினப்புறம், சீசன்ல நாலு மாசம் பாதிச் செலவு குறைஞ்சாலே 1,200 ரூபாய் கையில நிக்கும். மத்த நாளுக்குப் பூக்காரம்மாதான்.