ஓடும் வீடும் ஒழுகும் குடிசையும்

மாநாடு என்றால் நமக்குத் தெரியும். பந்தல், பேச்சு, தீர்மானம், நள்ளிரவு தாண்டியும் கலையாத கூட்டம்! உழவர் மாநாடு கண்டோம், மாணவர் மாநாடு கண்டோம், மாதர் மாநாடு, மொழி மாநாடு எல்லாம் கண்டோம். ஆனால், பழைய பஸ்ஸை வாங்கி, அதை வீடாக்கி, அந்த வீட்டையே ஓட்டிக்கொண்டு வந்து கூடுகிறார்களே, அந்த மாநாட்டைக் கண்டதுண்டா?

அமெரிக்காவிலே கண்டார்கள். 1963 ஜூலை 20, சூரிய கிரகணம். அதைக் காண மெய்ன் மாநிலத்து ஹிங்க்லி என்ற சிற்றூரில் 26 குடும்பங்கள் கூடின. விடுதி தேடவில்லை, வந்த வண்டியே வீடு! ஆலையில் செய்த வீட்டு வண்டி அரிதாயிருந்த காலம் அது. பஸ்ஸை வாங்கி, இருக்கையைக் கழற்றி, அடுப்பும் படுக்கையும் அமைத்துக்கொண்டவர்கள் பலர். வானத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், சங்கம் ஒன்று கண்டார்கள். நம் நாட்டிலே கிரகணம் என்றால் கதவடைப்பு, தர்ப்பை, தோஷம்! அங்கே கிரகணம் ஒரு சங்கத்தையே பெற்றெடுத்தது.

அப்படியொரு மாநாடு இங்கே நடந்தால்? அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையிலே, முந்திரிக் காடுகளுக்கு நடுவே, செம்மண் திடலிலே நடப்பதாக வைத்துக்கொள்வோம். கற்பனைக்குக் கட்டணம் இல்லை, நாமும் போவோம். வரிசையாக வருகின்றன, ஓடும் வீடுகள்!

முதலில் வருகிறது படப்பிடிப்புக் கேரவன். உள்ளே குளிர்ச்சி, மெத்தை, முகம் பார்க்க மூன்று பக்கமும் கண்ணாடி. வெளியே? விளக்குத் தூக்கும் தொழிலாளி வெயிலில் வேகிறான். துணை நடிகையர் உடைமாற்ற மறைவிடம் தேடுகிறார்கள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை நாம். கேரளத்தில் நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடைமாற்றும் அறையும் இல்லாத அவலத்தை நாடே படித்தது. ஒருவருக்கு ஓடும் மாளிகை. நூறு பேருக்கு ஒதுங்க ஓரிடமில்லை!

அடுத்து வருகின்றன அரசியல் வண்டிகள். நடிகவேள் எம்.ஆர். ராதா அன்பளிப்பாகத் தந்த வேனிலே ஊர் ஊராகச் சென்றவர் பெரியார். 94 வயதிலும், 1973 டிசம்பரில் கண்மூடும் வரையிலும், அவருக்குப் பயணம் ஓயவில்லை. ஆந்திரத்திலே என்.டி. ராமராவ் 1982-ல் பழைய செவர்லே வேனை மாற்றி அமைத்து, 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, மகன் ஓட்ட, அதிலேயே உறங்கி, சாலையோரத்திலேயே குளித்து, மக்களைச் சந்தித்தார். 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். சக்கரம் வைத்த வீடு, ஏறுபவரைப் பொறுத்து மேடையாகிறது, சிலருக்குக் கோட்டையாகிறது.

மூன்றாவது, மலைநாட்டு வண்டி. ஓடிக் களைத்த அரசு பஸ்களைக் கேரளப் போக்குவரத்துக் கழகம் மூணாறிலே நிறுத்தி, படுக்கைகள் அமைத்து, 2020 நவம்பரில் ஓர் இரவுக்கு ஒரு படுக்கை 100 ரூபாய் என்று விட்டது. குளிர்ந்த மலையிலே ஏழைப் பயணிக்கும் ஓர் அறை! பழைய இரும்புக்குப் போக வேண்டிய பஸ், பயணிகளுக்குக் கூரையாயிற்று. இதைக் கண்டு கைதட்டுகிறோம்.

நான்காவதாக வருவது நம்ம ஊர் வண்டி, டூரிஸ்ட் பஸ். வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் பழனிக்கும் போகிறதே, அதேதான். கூரைமேல் அண்டா, பின்புறம் அடுப்பு, மரத்தடியில் சமையல், இருக்கையிலே உறக்கம். பெயரில்லாத வீட்டு வண்டி இது! இதைக் கண்டால் மகிழ்ச்சி வருகிறது. கூடவே அச்சமும் வருகிறது. 2023 ஆகஸ்ட் 26 விடியலில் மதுரை ரயில் நிலையத்தருகே நின்ற சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த எரிவாயு உருளை! வடநாட்டிலிருந்து கோயில் பார்க்க வந்த 9 பேர் கருகினர். 2025 அக்டோபரில் ராஜஸ்தானத்து ஜெய்சல்மர் அருகே குளிர்சாதன பஸ் ஒன்று எரிந்து, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கதவு ஒன்று, சன்னல் மூடியது, எரியும் பொருள் நிறைந்தது என்றால் அது வீடல்ல, சிதை.

ஆகவேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை உரிமையாளர் விருப்பம்போல் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தமோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. 2021 ஆகஸ்டில் கண்ணூரிலே, வீடாக மாற்றிய வேனில் ஊர் சுற்றிய சகோதரர் இருவரின் வண்டி பிடிபட்டபோது, இளைஞர் கூட்டம் கொதித்தது.

கொதித்தவர்களை நாம் கேலி செய்யவில்லை. ஆனால், கேட்கிறோம்: உயிர் காக்கும் விதியை உடைப்பதா உரிமை? அதிகாரிகளையும் கேட்கிறோம்: தடுப்பது மட்டுமா கடமை? மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. அது எத்தனை பட்டறைக்காரருக்குத் தெரியும்? எந்தக் கம்பி எங்கே, எரிவாயு உருளை எங்கே, அவசரக் கதவு எங்கே என்று எளிய தமிழிலே அச்சிட்டுத் தந்தால் என்ன? கரூரிலே பஸ் கூண்டு கட்டும் கைகள் இருக்கின்றன. நாடெங்கும் ஓடும் பஸ்களுக்கு உடல் தந்த கைகள்! அந்தக் கைகளுக்கு வழிகாட்டுங்கள்; வழிமறிக்காதீர்கள்.

இந்தக் கைகள் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி சொல்வோம். 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலே எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியிலே நூலகம் அமைத்தார். நூலகத் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்தார். மாட்டு வண்டி அறிவைச் சுமந்தது! ஓய்ந்த பஸ் சுமக்காதா? நூலகம் சுமக்கட்டும், மருத்துவம் சுமக்கட்டும், முந்திரி பொறுக்கும் தாயின் குழந்தைக்குத் தொட்டில் சுமக்கட்டும்.

நம் கற்பனைத் திடலின் ஓரத்தைப் பாருங்கள். வண்டியில்லாமல் ஒரு கூட்டம் நிற்கிறது. பாசிமணியும் ஊசியும் தோளில், பிள்ளை இடுப்பில். நரிக்குறவர்! பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்து எறையூரிலே அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுவது அமெரிக்கருக்கு விடுமுறை இன்பம். இவர்களுக்கோ தலைமுறைத் துன்பம். பழங்குடிப் பட்டியலில் இவர்களைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நிறைவேறியது. குடிசை இல்லாத தமிழகம் காணக் 'கலைஞர் கனவு இல்லம்' 2024-ல் அறிவிக்கப்பட்டது. ஆறு ஆண்டில் 8 லட்சம் வீடு, வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கிலே ஓரத்தில் நிற்போரின் பெயர் விடுபடாமல் பார்ப்பது ஊராட்சியின் வேலை. தட்டிக்கேட்பது நம் வேலை.

ஓடும் வீடு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஓடட்டும்! ஊரெல்லாம் காணட்டும்! ஆனால், ஓடுவது விருப்பமாக இருக்க வேண்டும், விதியாக இருக்கக்கூடாது. நிற்க ஒரு வீடு உள்ளவன் ஓடினால் அது உலா. நிற்க இடமில்லாதவன் ஓடினால் அது விரட்டல்.